வாளை இழந்த வீரன்

எண்பதுகளின் நடுவில், சவூதியிலிருந்து கல்முனைக்குத் திரும்பிய என் அண்ணன், எங்கள் எல்லோருக்கும் நானா, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டொன்றைக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு பாத்திரம். அது நல்லதா கெட்டதா என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நான் நல்ல கள்ளன் என்றேன்.

"கள்ளன் எப்படி மச்சான் நல்லவனாவான்?" என்று கேட்டான் என் கூட்டாளி நவாஸ். அவனுடைய பாத்திரம் சட்டம் மீறாத வீரன். மாதக்கணக்கில் விளையாடி அந்த வீரனுக்கு ஒரு மந்திர வாளைச் சம்பாதித்திருந்தான். வீரன் ஒருமுறை சட்டம் மீறினாலும் வாள் பறிபோய்விடும் என்பது விளையாட்டின் விதி.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு விளையாடினோம். கதையில் ஊரெல்லாம் காய்ச்சல். மருந்தோ அரசனின் களஞ்சியத்தில் பூட்டிக் கிடந்தது. நான் பூட்டைத் திறக்கப் போனேன். என்னைத் தடுப்பது வீரனின் கடமை.

நவாஸ் பகடையை உருட்டாமல் கீழே வைத்தான்.

"என்ட வீரன் மற்றப் பக்கம் திரும்பி நிக்கான்" என்றான்.

"அப்ப வாள் போயிடும், தம்பி" என்றார் கதையை நடத்திய நானா.

"ஓம், போகட்டும்."

மருந்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. என் கள்ளனுக்கு ஒரு நட்டமும் இல்லை. திருடுவது அவன் தொழில். நவாஸ் வாளில்லாத வீரனோடு அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தான். அதன் பிறகு என் கள்ளனை நல்லவன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.