தங்கச்சியின் மாத்திரைக்காக மூன்று கடைக்கு மார்க் போட்டு வந்தோம்

அன்று இருந்தவர்கள்: நான், என் தங்கச்சி காளியம்மாள், ஆட்டோக்காரர் அந்தோணி, அருப்புக்கோட்டையில் மூன்று மருந்துக்கடைகளில் மருந்து எடுத்துக் கொடுத்த மூன்று பேர், கடைசியாகத் திருச்சுழிக் கடைக்காரர் தனுஷ்கோடி. ஒருவர் முகமும் எனக்கு மறக்காது.

போன மாதம் தங்கச்சி குழாயடியில் வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தாள். சர்க்கரை கிடுகிடுவென இறங்கியிருந்தது. டாக்டர் அவள் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தார். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையும் இருந்தது, திருச்சுழிக் கடையில் வாங்கியதும் இருந்தது. அட்டை வேறு, நிறம் வேறு, மருந்து ஒன்றுதான். இரண்டு மாதமாக இரண்டையும் விழுங்கியிருக்கிறாள். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பாளா? இனி எந்தக் கடையை நம்புவது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 8.10க்குத் திருச்சுழியில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. நாற்பது நிமிடத்தில் அருப்புக்கோட்டை. மூன்று கடைக்கும் கூட்டிப்போய்க் காத்திருக்க அந்தோணி இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு இறக்கினேன்.

நான் ஐந்தாவதுதான் படித்தேன், அட்டையில் இருக்கும் இங்கிலீஷ் எனக்கு ஓடாது. அதனால் என் பரீட்சை வேறு. இரண்டு பழைய அட்டைகளையும் நீட்டி, "ரெண்டுலயும் ஒரு மாசத்துக்குக் குடுங்க" என்பேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். வெளியே வந்ததும் என்ன சொன்னார்கள் என்று தங்கச்சியிடம் கேட்பேன். நேற்று வைத்த குழம்பே அவளுக்கு நினைவிருக்காது. அவள் மண்டையில் நிற்பதுதான் கடைக்கு மார்க்.

முதல் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம், கண்ணாடிக் கதவு, ஏசி. இரண்டு நிமிடத்தில் இரண்டு மாத்திரையும் பையில் விழுந்தன. வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தேன்.

"என்னடி சொன்னாக?"

"சில்லுன்னு இருந்துச்சுக்கா."

"ஏசிக்கு நூத்துக்கு நூறு, கடைக்கு முட்டை" என்றார் அந்தோணி.

இரண்டாவது கடைக்காரர் 'சாப்பாட்டுக்கு முன்' என்று கவரில் எழுதினார். இரண்டு கவரிலும் எழுதினார். தங்கச்சி முன்னா பின்னா என்று முழித்தாள்.

மூன்றாவது கடையில் இருபது நிமிடம் வரிசை. உள்ளே ஒரு பெண், முப்பது வயதிருக்கும். அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இதை யாரு சாப்பிடுறது அம்மாச்சி?"

தங்கச்சியைக் காட்டினேன்.

"ரெண்டும் ஒரே மருந்து. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணுதான் போடணும். கை நடுங்கி வேர்த்தா என்ன செய்வீக?"

"படுத்துக்கிருவேன்."

"படுக்கக் கூடாது. உடனே சீனியை வாயில போடுங்க. இப்ப நான் சொன்னதை நீங்க சொல்லுங்க." இரண்டு தடவை சொல்லவைத்துத்தான் மாத்திரையை எடுத்தாள். ஒரே மாத்திரை.

ஆட்டோவில் நான் கேட்குமுன்பே தங்கச்சி ஒப்பித்தாள்: "காலைச் சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு. நடுங்குனா சீனி. அக்கா, முந்தானை முடிச்சுல சீனி கட்டிக்கிரட்டா?"

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மதியம் கடையில் ஆள் மாறிவிடுகிறது. வீட்டிலிருக்கும் எல்லா அட்டையும் கையில் இருக்கட்டும். யாருக்கு மருந்தோ அவரையே கூட்டிப்போங்கள். தள்ளுபடியைப் பார்த்து மயங்காதீர்கள்.

திரும்பும்போது திருச்சுழிக் கடையில் ஏறினேன். அதே இரண்டு அட்டைகளையும் அவர் முன்னால் போட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். அப்பவே தெரியும்" என்றார். "ஆஸ்பத்திரி அட்டையும் உங்க தங்கச்சி கையிலதான் இருந்துச்சு. அவுக கேக்கல, நான் சொல்லல."

ஏசிக் கடைக்காரருக்குத் தெரியவில்லை, போகட்டும். கவரில் எழுதியவர் கவனிக்கவில்லை, அதுவும் போகட்டும். தெரிந்தே வாய் திறக்காதவர் தனுஷ்கோடி. அவரை நான் மன்னிக்க மாட்டேன்.