விட்ட இடத்திலிருந்து தொடரவா?

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வைஃபை பாதுகாப்பைச் சோதிக்கப் போயிருந்தேன். சோதிக்கும்போது இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஷெட்டு ஃபேன்களும் வைஃபையில்தான் ஓடின. “அதெ மட்டும் தொட்டுறாதீங்க சாமி, ஃபேன் நின்னா கோழி பூராம் வெந்து செத்துருமுங்க” என்றார் பண்ணைக்காரர். உடனே லேப்டாப்பில் இருந்த சோதனைக் கருவியின் பட்டியலிலிருந்து அதை நீக்கினேன்.

சார்ஜ் இறங்கி லேப்டாப் அணைந்துபோனது. மறுபடி போட்டதும், விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கருவி கேட்டது. பழக்கத்தில் சரி என்று தட்டினேன். பாழாய்ப்போன கருவி, நான் நீக்குவதற்கு முன் சேமித்த பட்டியலை எடுத்துக்கொண்டது. அதில் அடுத்தது ஷெட்டு ஃபேன்.

லேப்டாப்பை அறைந்து மூடினேன். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபேன் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?”

மூடியை இன்னும் அழுத்திப் பிடித்தேன். மூடினால் லேப்டாப் தூங்கத்தான் செய்யும், அணையாது. திறந்தால் இந்த முறை அது கேட்கக்கூடக் கேட்காது. விட்ட இடத்திலிருந்து தொடரும்.