உலகக் கழகத்தின் கோவில்பட்டிக் கிளை

டீக்கடையில் பக்கத்து ஆள் பீடி பற்றவைத்து முடிக்கும்வரை ஆறுமுகசாமி அண்ணாச்சி பொறுமையாக இருப்பார். முடித்ததும் கையை நீட்டுவார். தீப்பெட்டி கைக்கு வரும். அதைத் திறந்து, இருக்கிற குச்சிகளையெல்லாம் அந்த ஆளின் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "குச்சி உம்மது, படம் என்னது" என்பார். அடுத்த பீடிக்கு எதில் உரசுவது என்று அந்த ஆள் யோசிப்பதற்குள் அண்ணாச்சியின் டி.வி.எஸ். ஐம்பது இளையரசனேந்தல் சாலையில் திரும்பியிருக்கும்.

அவருக்குத் தொழில் லேபிள் ஏஜென்ட். கழுகுமலை, விளாத்திகுளம் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் சின்னத் தொழிற்சாலைகளில் ஆர்டர் பிடித்து, சிவகாசியில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். வயது ஐம்பத்து மூன்று. பெட்டியின் மேல் ஒட்டுகிற படத்தை விற்றுச் சாப்பிடுகிறவர், அதே படத்தைத் தெருத்தெருவாகப் பொறுக்கவும் செய்வது ஊருக்கு விளங்கவில்லை. பட்டுச் சேலை வைப்பதற்கென்று செய்த பீரோவில் இப்போது பதினான்கு ஆல்பங்கள் இருக்கின்றன. அவர் மனைவி ஜானகியம்மாள் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காவ. இவிய மட்டும் பெட்டி மேல என்ன இருக்குன்னு பாக்காவ. எனக்கு வாச்சது அப்படி."

ஸ்வீடன் நாட்டில் ஒரு சிற்றூரில் தலைமையகம் கொண்டு, முப்பத்து நான்கு நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் 'உலகத் தீப்பெட்டிப் படம் சேகரிப்போர் கழக'த்தின் கோவில்பட்டிக் கிளைக்கு அண்ணாச்சிதான் செயலாளர். தலைவர் பதவி எட்டு வருடமாகக் காலி. அதை நிரப்ப அவர் முயன்றதாகத் தெரியவில்லை. கிளைக்குப் பதினோரு உறுப்பினர்கள். ஏழாவது உறுப்பினர் நான் என்பதை, நான் வேலை பார்க்கும் வங்கிக்கு அவர் கொண்டுவந்த ஒரு காகிதத்தில் என் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "உம்மகிட்ட சொன்னா வேண்டாம்பீரு, அதான் சொல்லல" என்றார். மற்றவர்களில் அவருடைய மனைவியும் மெக்கானிக்கும் டீக்கடைக்காரரும் அடக்கம். ஒருவர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

1999ஆம் வருடம் கழகத்துக்குப் பொன்விழா. ஸ்வீடனிலிருந்து சுற்றறிக்கை வந்தது. செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு உலகமெங்கும் கிளைகள் விழா எடுக்க வேண்டும். கழகக் கொடி, கண்காட்சி, விருந்து மூன்றும் கட்டாயம். குறைந்தது பத்து உறுப்பினர்கள் நிற்கும் புகைப்படத்தை, வரிசைப்படி பெயர் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாத கிளை பட்டியலிலிருந்து நீக்கப்படும். விழாச் செலவுக்காக ஐம்பது டாலர் காசோலை இணைக்கப்பட்டிருந்தது.

காசோலையை என்னிடம் நீட்டினார். இது பணமாகிக் கைக்கு வர நாற்பத்தைந்து நாள் ஆகும், விழாவுக்கு இருப்பதோ முப்பது நாள் என்று சொன்னேன். அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். "அப்பம் செலவில்லாமச் செய்வோம். செலவு பண்ணிச் செஞ்சா அது கல்யாணம்வே. செலவில்லாமச் செய்யுததுக்குப் பேருதான் விழா" என்று சொல்லிவிட்டு, வங்கிப் பேனாவால் வங்கிச் சலான் ஒன்றின் பின்பக்கத்தில் அங்கேயே திட்டம் போட ஆரம்பித்தார்.

முதல் சிக்கல் கொடி. சுற்றறிக்கையில் கொடியின் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. நிறம் கேட்டு எழுதினால் பதில் வர ஒரு மாதம். சரி, நாமே ஒரு நிறம் வைப்போம் என்று ஜவுளிக்கடைக்குப் போனார். போன பிறகுதான் தெரிந்தது, இந்தக் கரிசல் சீமையில் ஆளில்லாத நிறம் என்று ஒன்று மிச்சமில்லை. இரண்டு நிறத்தைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு கட்சி; மாற்றிப் பிடித்தால் ஒரு சாதிச் சங்கம்; மூன்றாவதைச் சேர்த்தால் அந்தச் சங்கத்திலிருந்து போன மாதம் பிரிந்த சங்கம். கடைசியில் யாரும் உரிமை கொண்டாடாத கத்தரிப்பூ நிறத்தில், ஜானகியம்மாளின் ரவிக்கைத் துணியில் கொடி தயாரானது.

மைக் வைக்க அனுமதி கேட்டுக் காவல் நிலையம் போனபோது துணைக்கு நானும் போனேன். நாடாளுமன்றத் தேர்தல் நேரம். அங்கிருந்த ஏட்டு மனுவில் 'கழகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தக் கழகம் என்று கேட்டார். உலகக் கழகம் என்றார் அண்ணாச்சி. யாருடன் கூட்டணி என்று கேட்டார். முப்பத்து நான்கு நாட்டுடன் என்றார் அண்ணாச்சி. ஏட்டு மனுவை இரண்டு முறை படித்துவிட்டு, மைக் இல்லாமல் நடத்திக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்ததும், "ஒரு செலவு மிச்சம்" என்றார் அண்ணாச்சி.

இடம் தானாக அமைந்தது. அவரிடம் லேபிள் வாங்கும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி நவநீதகிருஷ்ணனின் மகளுக்கு அதே ஞாயிறு காலை கல்யாணம். பந்தி முடிந்து இரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்துவிடும்; மண்டபம் ஆறு மணிவரை அவர்கள் வாடகையில் இருக்கும். வாழைமரம், நாற்காலி, மின்விசிறி, மிச்சப் பாயசம் எல்லாம் அப்படியே இருக்கும். முதலாளியும் சரி என்றுவிட்டார். கல்யாணத்துக்குப் படமெடுக்க அமர்த்தியிருந்த சோலைராஜ் ஸ்டுடியோக்காரர், சுருளில் கடைசிப் பிலிமை மட்டும் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அண்ணாச்சி கணக்கில் எடுக்காத ஒன்று, அது ஆவணி மாதத்துக் கடைசி முகூர்த்தம் என்பது. பதினோரு உறுப்பினர்களில் காலமானவர் போக மீதிப்பேருக்கும் வீட்டுக்கு இரண்டு பத்திரிகை. மெக்கானிக் எட்டயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். டீக்கடைக்காரர் தம் கொழுந்தியாளின் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு மண்டபத்தில் இருந்தது அண்ணாச்சி, ஜானகியம்மாள், நான். மணமேடை அலங்காரத்தின் கீழே, ஆயிரத்து இருநூறு படங்கள் ஒட்டிய ஆறு பலகைகள். நடுவில் ஒரு நாற்காலி. அதன் முதுகில் 'செயலாளர்' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை.

அண்ணாச்சி வாசலுக்கும் மேடைக்கும் நடந்தார். நடையில் வேட்டி அவிழ்ந்து மறுபடி கட்டினார். "எட்டு வருசம்வே. ஒரு போட்டோ இல்லாம அழிச்சிருவானுவ" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

மண்டபத்து வராந்தாவில் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியின் கழுகுமலை ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவர்கள். கல்யாணச் சாப்பாடு முடிந்து, திரும்பிப் போக ஆபீஸ் வேனுக்குக் காத்திருந்தார்கள். ஏழும் மூன்றும் பத்து. அண்ணாச்சி அவர்களிடம் போய், ஒரு போட்டோவுக்கு வந்து நின்றால் போதும், ஆளுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் என்றார்.

ஆறு பேர் எழுந்தார்கள். ஏழாவது பெண்ணின் பெயர் சொர்ணத்தாய், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் நேராகப் பலகைக்குப் போனாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு மயில் படத்தின் முன் நின்றாள்.

"இந்த மயிலு நான் ஒட்டுனதுல்லா. பசை பட்டதும் கழுத்துப் பச்சை கரைஞ்சு வெரல்ல ஏறிரும். மூணு நாளு பச்சைக் கையோடதான் சோறு திம்போம்."

அண்ணாச்சி குனிந்து மயிலின் கழுத்தைப் பார்த்தார். அந்த மயில் படங்களில் சிலவற்றுக்கு மட்டும் கழுத்து ஏன் வெளிறியிருக்கிறது என்று அவர் ஸ்வீடனுக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். அங்கிருந்த நிபுணர்கள் வெயில் என்று ஒருமுறையும் அச்சுப் பிழை என்று ஒருமுறையும் பதில் போட்டிருந்தார்கள்.

"சும்மா நிக்கணுமா, இல்ல நாங்களும் இதுல ஆளுகதான்னு எழுதுவீங்களா?" என்று சொர்ணத்தாய் கேட்டாள்.

அண்ணாச்சி விதியைச் சொன்னார். உறுப்பினர் என்றால் கையில் நூறு படமாவது வேண்டும். உலகம் முழுவதும் அதுதான் சட்டம்.

"இருபத்திரெண்டு வருசமா ஒட்டுதேன் அண்ணாச்சி. எங் கையில ஒண்ணும் தங்கல. ஆனா எங் கை படாம ஒண்ணும் போகல."

என் பெயரை என்னைக் கேட்காமலே சேர்த்தவர், அந்த ஏழு பெயர்களையும் ஒவ்வொருத்தியிடமும் கேட்டு, தகப்பன் பெயருடன் பதிவேட்டில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குள் வேன்காரன் ஒலியெழுப்ப ஆரம்பித்துவிட்டான். சோலைராஜ் அவசரப்படுத்தினார். கொடிக்குக் கம்பு கொண்டுவர மறந்துபோனது அப்போதுதான் தெரிந்தது. செலவில்லாத வழி ஒன்றுதான் இருந்தது: அண்ணாச்சியே பின்னால் நின்று இரண்டு கையாலும் கொடியை விரித்துப் பிடித்தார். முழங்கால் வலிக்காரியான சொர்ணத்தாய், நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டை ஒரு பக்கமாகச் சரிந்து அவள் தோளுக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. இருந்தது ஒரே பிலிம். அந்தப் படமே வரிசைப்படி பெயர் எழுதி ஸ்வீடனுக்குப் போனது.

பிப்ரவரியில் ஸ்வீடனிலிருந்து தடித்த உறை வந்தது. கோவில்பட்டிக் கிளை நீக்கப்படவில்லை. மாறாக, பொன்விழாவின் சிறந்த கிளைகளில் ஒன்றாகத் தேர்வாகியிருந்தது. 'உலகிலேயே பெண் தலைமையில் இயங்கும் எங்கள் ஒரே கிளை' என்று கடிதம் சொன்னது. பின்னால் கொடி பிடித்து நின்ற ஊழியருக்கும் தனியாக ஒரு வரியில் நன்றி சொல்லியிருந்தார்கள். கூடவே வழவழப்பான தாளில் நற்சான்றிதழ். அதன் வரிகளுக்கு நடுவே தங்க எழுத்தில் இரண்டே சொற்கள்: சொர்ணத்தாய், செயலாளர்.

அண்ணாச்சி அதை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். தவறைச் சொல்லித் திருத்தி வாங்கலாம் என்றேன். "எழுதலாம்" என்றார். பிறகு இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை. டீக்கடையில் விசாரித்தேன். பெட்டி கேட்டு ஒருவரும் வருவதில்லை என்றும், நிம்மதியாகப் பீடி குடிப்பதாகவும் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை, வங்கி அரைநாளில் மூடியதும் வாசலில் டி.வி.எஸ். ஐம்பது நின்றது. "ஏறும். கழுகுமலை வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்றார். மடியில் வைத்துக்கொள்ளும்படி செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார். சொந்தக் காசில், பேரம் பேசாமல், தேக்குச் சட்டம்.

ஆபீஸ் முற்றத்தில் பெண்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சொர்ணத்தாய் பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி சட்டத்தை உயர்த்திப் பிடித்து, ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிப் படித்தார். பொன்விழாவைச் சிறப்பாகக் கொண்டாடியதற்காக என்று படித்தார். முப்பத்து நான்கு நாடுகளின் சார்பில் என்று படித்தார். சொர்ணத்தாய் என்று படித்தார். அதோடு நிறுத்திவிட்டார். அவருடைய வலது கட்டைவிரல் கண்ணாடிமேல், அந்தப் பெயருக்கு அடுத்த சொல்லின் மீது அழுந்தி இருந்தது.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எழுத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்கத் தெரியும்.

"வெரலுக்குக் கீழ என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?"

அவர் விரலை எடுத்தார். கண்ணாடியில் பதிந்திருந்த ரேகையை வேட்டி நுனியால் துடைத்தார். அது போகவில்லை என்று வாயால் ஊதி மறுபடி துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் அதை அவளிடம் நீட்டினார்.