பின்பக்கம் திறக்கும் கதவு

1932 மே மாதம் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மலாயாவின் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த வருஷம். தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்து, இலவச டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அய்யாவு தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கப்பல் படியில் ஏறினான். பின்னால் வந்த அவன் மனைவி வீரம்மாவைக் கப்பல் டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஏழு மாத வயிறு. நடுக்கடலில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார்.

"பெத்துட்டு அடுத்த கப்பல்ல வரட்டும். நீ ஏறு" என்றார் கங்காணி. இறங்கினால் டிக்கெட் போய்விடும். தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்து வீட்டையும் பூட்டியாகிவிட்டது. அய்யாவு படியின் நடுவில் நின்று, கீழே வீரம்மாவின் பக்கத்தில் நின்ற உர்சுலாவைப் பார்த்தான்.

"மிஸிம்மா, பாத்துக்குங்க."

அவ்வளவுதான். இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் உர்சுலாவுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

உர்சுலா கோலாலம்பூர் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸ்காரி. முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிய மருத்துவச்சி. நர்சுகளை மலாய்க்காரர்கள் மிஸி என்பார்கள். தமிழர்கள் அதோடு ஓர் அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வீரம்மாவின் தலைப்பிரசவத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ரயில், கிள்ளானிலிருந்து தோட்டத்துக்கு மாட்டுவண்டி. கால் முன்னால் வந்த பிள்ளை. உர்சுலா பையோடு லயத்து வாசலில் இறங்கியபோது, "இப்பத்தான் மிஸிம்மா, இப்பத்தான்" என்று யாரோ சொன்னார்கள். பிள்ளை தங்கவில்லை. அந்த 'இப்பத்தான்' அவளை விட்டுப் போகவே இல்லை.

இப்போது வீரம்மா அக்கா வள்ளியம்மாவோடு இருக்கப் போகிறாள். அக்கா இருப்பது தெலுக் பங்லிமா காராங் பக்கம், இன்னும் மூடாத ஒரு தோட்டத்தில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து முப்பத்தைந்து மைலுக்குக் குறையாது. பட்டணத்துக்கு வா, என் வீட்டில் இரு என்று உர்சுலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கூடப்பிறந்தவள் இருக்கையில் அடுத்தவர் வீட்டில் பிள்ளை பெற வீரம்மா சம்மதிக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் உர்சுலா கணவனிடம் சொன்னாள்: "காரை இந்த மாசமே வாங்கிறணும்ங்க."

லியனார்ட் ரயில்வேயில் டிக்கெட் கிராணி, அதாவது குமாஸ்தா. கார் அவருடைய இரண்டு வருஷக் கனவு. இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குப் போய் இறங்க வேண்டும். பொடிக்காராகவும் இருக்கக் கூடாது, துரைமார்களின் கப்பலாகவும் இருக்கக் கூடாது. கூரை போட்ட, குடும்பத்துக்கு அளவான நடுத்தரக் கார். எல்லாவற்றுக்கும் மேல், அது புதுசாக இருக்க வேண்டும்.

"அடுத்தவன் உக்காந்து தேச்ச சீட்டுல என் பிள்ளைங்க உக்காராது" என்றார்.

சனிக்கிழமை பத்து ரோடு என்ற தெருவில் ஒரு கார் கடைக்குப் போனார்கள். கழுத்தில் டை கட்டிய ராதாகிருஷ்ணன் என்ற விற்பனையாளர் வரவேற்றார். லியனார்ட் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். புது வார்னிஷ் வாசனையை மூக்கு நிறைய இழுத்தார். உர்சுலா எதையும் பார்க்கவில்லை. துணி மாற்ற ஓர் அறை இருக்கிறதா என்று கேட்டாள். கையில் ஒரு துணிப்பையோடு உள்ளே போனவள், ஐந்து நிமிஷத்தில் நிறைமாத வயிற்றோடு வெளியே வந்தாள். சேலைக்குள் தலையணையைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

ராதாகிருஷ்ணன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. "அம்மா... உள்ள போறப்ப நீங்க..."

"பின் கதவைத் திறங்க தம்பி."

திறந்தார். ஒரு காலை ஏற்றினால் வயிறு கதவுச் சட்டத்தில் இடித்தது. வயிற்றை உள்ளே கொண்டுபோனால் மறு கால் வெளியே மாட்டிக்கொண்டது. எப்படியோ நுழைந்து சீட்டில் மல்லாந்து படுத்தாள். முழங்காலை மடக்க இடமில்லை.

"அம்மா, இது உக்காந்து போற கார்லா. படுக்கற கார் இல்ல."

"உக்காந்துக்கிட்டு யாரும் பிள்ளை பெத்துப் பாத்திருக்கீங்களா தம்பி?"

லியனார்ட் தொப்பியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெளியே தெருவைப் பார்த்தார். அன்று நான்கு கார்கள். நான்கிலும் உர்சுலா ஏறினாள், படுத்தாள், இறங்கினாள். கடைசிக் காரிலிருந்து இறங்கும்போது தலையணை நழுவி விழுந்தது. ராதாகிருஷ்ணன் அதை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு கையாலும் பணிவோடு கொடுத்தார்.

ஐந்தாவது கார் கிள்ளானில் இருந்தது. சின்னையா என்ற மெக்கானிக்கின் தகரக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. வேலை போன ஒரு தோட்டத்துத் துரை, சீமைக்குக் கப்பலேறுமுன் விற்கச் சொல்லி விட்டுப்போனது. கரும்பச்சை நிறம், நாலு கதவு. இந்தத் தடவை உர்சுலா தலையணை கொண்டுவரவில்லை. வீரம்மாவையே வரவழைத்திருந்தாள், வள்ளியம்மாவும் கூட வந்திருந்தாள்.

சின்னையா பின் கதவைத் திறந்தார். அது மற்ற கார்களைப் போலத் திறக்கவில்லை. கீல் பின்பக்கத்தில் இருந்தது. கதவு முன்னாலிருந்து பின்னாலே போய், வாசலை அகலமாக விட்டு நின்றது. வீரம்மா காரைப் பார்த்தாள், உர்சுலாவைப் பார்த்தாள். முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் மெல்ல உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொண்டாள். எங்கும் இடிக்கவில்லை. சாய்ந்து படுத்து முழங்காலை மடக்கினாள். கூரையைப் பார்த்துக்கொண்டே, "வீடு மாதிரி இருக்கு மிஸிம்மா" என்றாள். அவள் வாழ்நாளில் காருக்குள் ஏறியது அதுதான் முதல் தடவை. குரல் கோயிலுக்குள் பேசுகிற குரலாக இருந்தது.

லியனார்ட் மட்டும் சீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தோலில் நீளநீளமாகக் கீறல்கள்.

"இது என்னய்யா?"

சின்னையா தலையைச் சொறிந்தார். "பொய் சொல்ல மாட்டேன் சார். பிரேக் நல்லாருக்கு, எஞ்சின் நல்லாருக்கு. கியர் கொஞ்சம் முனகும். மழை பெஞ்சா கண்ணாடியைக் கையாலதான் துடைக்கணும். அப்புறம்... தொரையோட நாய் இதுலதான் குட்டி போட்டுச்சு. ஏழு குட்டி."

"என் பிள்ளைங்களை அந்த சீட்டுல உக்கார வைக்கச் சொல்றியா?"

"சீட்டை நான் கழுவித் தர்றேன். கதவை யார் எனக்குச் செஞ்சு தருவா?" என்றாள் உர்சுலா.

வீரம்மா அதற்குள் அந்தச் சீட்டிலேயே தூங்கிப்போயிருந்தாள். லியனார்ட் அதைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "சரி, கழுவு" என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் மாதாகோயில் சாமியார் வந்து காருக்குத் தீர்த்தம் தெளித்தார். வள்ளியம்மாவுக்கு அது போதவில்லை. கார் முதன்முறை தோட்டத்துக்கு வந்தபோது மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தச் சொல்லி, கற்பூரம் காட்டி, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னாள். உர்சுலா மறுக்கவில்லை. சின்னையாவிடம் ஒரு மாதம் ஓட்டப் பழகியிருந்த அவளுக்கு, எந்தப் பக்கத்து உதவியும் வேண்டியிருந்தது.

ஜூலை முதல் வாரத்தில், ஒரு மத்தியானம், தோட்டத்துக் கிராணி ரயில் நிலையத்துக்கு டெலிபோன் செய்தார். லியனார்ட் டிக்கெட் ஜன்னலை அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். உர்சுலா பையை எடுத்து முன் சீட்டில் வைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை கண்ணாடி துடைக்கும் பிடியில். பாதையோரம் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள், ஒரு பெண்பிள்ளை காரோட்டிக்கொண்டு போவதைப் பார்த்து மழையிலேயே இறங்கி நின்றார்கள். மாட்டுவண்டியில் அரை நாள் எடுக்கும் மண்பாதை கண்ணாடிக்கு முன்னால் சுருண்டு சுருண்டு உள்ளே வந்தது. இத்தனை சின்னப் பாதையா என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை. அன்றைக்கு இந்தக் கார் இருந்திருந்தால் என்ற எண்ணம் வந்ததும், அதை உதறிவிட்டு இன்னும் அழுத்தி மிதித்தாள்.

லயத்தில் வீரம்மாவைத் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கும் தலை கீழே இல்லை. காலை நீட்டிக்கொண்டு வருகிறது. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அக்காளும் மிஸியும் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டி வந்தார்கள். வீரம்மா காரைப் பார்த்தாள். மழையில் வழிந்த குங்குமம் முன்பக்கத்தில் செக்கச் சிவந்திருந்தது. நின்றுவிட்டாள்.

"நான் ஏற மாட்டேன்."

"ஏண்டி?"

"சாமி வண்டிக்கா. ஆத்தா முன்னால கற்பூரம் காட்டுன வண்டி. நான் ஏறி, வழியில தீட்டுப் பட்டுச்சுன்னா... போன தடவையும் ஏதோ குத்தம்தான். இந்தப் பிள்ளையும் நிக்காது."

"உங்க ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன், நீ ஏறு" என்றாள் உர்சுலா.

"நீங்க வேதக்காரவுங்க மிஸிம்மா. உங்களுக்குத் தெரியாது."

வலி வந்தது, தூணைக் கட்டிக்கொண்டாள். வள்ளியம்மா அழத் தொடங்கினாள். கற்பூரம் காட்டச் சொன்னவள் அவள்தானே. இவ்வளவு தூரம் இவ்வளவு சீக்கிரம் வந்தும், காருக்கும் வாசலுக்கும் நடுவிலுள்ள நாலடியில் மறுபடியும் தாமதமாகப் போகிறது என்று உர்சுலாவுக்குத் தோன்றியது. சட்டென்று போய்ப் பின் கதவைத் திறந்து, விரித்திருந்த வெள்ளைத் துணியை உருவி எறிந்தாள்.

"இங்க பாரு. இது என்ன?"

வீரம்மா கீறல்களைப் பார்த்தாள்.

"தொரை வீட்டு நாய் இதுலதான் குட்டி போட்டுச்சு. சின்னையா சொன்னப்ப நீயும்தான் இருந்த. புதுக் காரா இருந்தா நீ சொல்றதை நானே ஒத்துக்குவேன். இது பிள்ளை பெத்த வண்டி. கற்பூரம் காட்டுறப்ப உங்க ஆத்தாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சுதானே ஏத்துக்கிட்டா?"

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை குட்டி?" என்றாள் வீரம்மா.

"ஏழு."

"ஏழும் பொழச்சுதா?"

உர்சுலாவுக்குத் தெரியாது. "ஏழும்" என்றாள்.

வீரம்மா முகத்தில், அந்த வலியிலும், ஒரு சிரிப்பு வந்து போனது. முதுகைக் காட்டித் திரும்பினாள். உட்கார்ந்தாள். இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொண்டாள்.

கிள்ளானுக்கு மூன்று மைல் இருக்கும்போது, "மிஸிம்மா, வந்துருச்சு" என்று வள்ளியம்மா அலறினாள். ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் காரை நிறுத்தி, இரண்டு பின் கதவுகளையும் விரியத் திறந்தாள் உர்சுலா. ஒரு பக்கம் அக்கா நின்று தங்கையின் தோளைத் தாங்கிக்கொண்டாள். மறு பக்கம், ஏறும் பலகையில் உர்சுலா மண்டியிட்டாள். முதுகில் மழை. முதலில் ஒரு பாதம் தெரிந்தது, கட்டைவிரல் அளவு. பிறகு மற்றொன்று. இந்த மாதிரிப் பிரசவத்தில் மருத்துவச்சி செய்ய வேண்டிய பெரிய வேலை, கையை வைக்காமல் இருப்பது. இழுத்தால் போச்சு. உர்சுலா கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு காத்திருந்தாள். இடுப்பு வந்தது. முதுகு வந்தது. யாரும் தொடாமலே, தனக்கு வழி தெரிந்த மாதிரி அது தானே மெல்லத் திரும்பியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஏந்தியவள்தான். இருந்தாலும் அந்தத் திருப்பத்தைப் பார்த்து மூச்சு விட மறந்தாள். பிடரி தெரிந்த பிறகுதான் கை நீட்டினாள்.

பெண் குழந்தை. நீலம் பாரித்திருந்தது. காலைப் பிடித்துத் தூக்கி, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்தாள். எஞ்சின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. பிறகு குழந்தை கத்தியது. அந்தக் கத்தலுக்குத் தோப்புக்குள் ஒதுங்கியிருந்த மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"ஏழோட எட்டு" என்றாள் வீரம்மா.

அக்டோபரில், குழந்தையைத் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டு வீரம்மா கப்பலேறினாள். போய்ச் சேர்ந்ததும் யாரையாவது எழுதச் சொல்லிக் கடுதாசி போடுவதாகச் சொன்னாள். கடுதாசி வரவில்லை. அந்த வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. லியனார்ட் குடும்பம் அதே காரில் பூசைக்குப் போய் இறங்கியது. மற்ற நாட்களில் கார் பங்சார் தோட்டத்துக்கும் சுங்கை வே என்ற ஊருக்கும் கிள்ளானுக்கும் ஓடியது. இன்னும் மூன்று பிள்ளைகள் அந்தச் சீட்டில் பிறந்தன. ஒவ்வொரு முறை துணியை விரிக்கும்போதும் உர்சுலா அந்தக் கீறல்களைத் தடவிப் பார்ப்பாள். அந்தக் குழந்தை கடலைத் தாண்டியதா, அம்மைக்கும் காய்ச்சலுக்கும் தப்பியதா என்று கேட்டுக்கொள்வாள். வள்ளியம்மாவுக்கும் ஒரு தகவலும் இல்லை. கேட்க வேறு யாருமில்லை.

1938 நவம்பரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளெல்லாம் சுற்றிவிட்டு, ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. உறையின் மேல் "காரோட்டும் மிஸிம்மா, கோலாலம்பூர்" என்று மட்டும் இருந்தது. யாரோ எழுதிக்கொடுத்த கையெழுத்து:

"மிஸிம்மா அவர்களுக்கு அய்யாவும் வீரம்மாவும் கும்பிட்டு எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். பிள்ளை லெட்சுமிக்கு ஆறு வயது ஆகிறது, பள்ளிக்கூடம் போகிறாள். காரில் பிறந்தேன் என்று வாத்தியாரிடம் சொல்லி, பொய் சொன்னதாக அடி வாங்கி வந்துவிட்டாள். இந்தப் பக்கம் கார் பார்த்தவர்களே குறைவு. அது உண்மைதான் என்று தயவுசெய்து தாங்கள் ஒரு கடுதாசி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் எழுதுங்கள். பிள்ளை பின்பக்கம் திறக்கும் என்கிறாள். ஊரில் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்."