கீழ்லென்ஸ் யாருடையது

பழைய கேமரா வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ரசனைக்கு முன்னால் வர வேண்டியது சந்தேகம். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நான் வாங்கிய முதல் கேமராவை, இணையத்தில் விற்றவர் 'கண்ணாடி மாதிரி இருக்கும்' என்று சத்தியம் செய்திருந்தார். பிரித்துப் பார்த்தால் லென்சுக்குள் பூஞ்சை, ஜன்னல் மூலையில் பின்னிய சிலந்திவலைபோலப் படர்ந்திருந்தது. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, முதலில் டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன். ஷட்டரைக் காதருகே வைத்துக் கேட்கிறேன். திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன். சிதைந்திருந்தால் எனக்கு முன்பே யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

என் வேலையும் அப்படித்தான். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து வானகரத்தில் பைபாஸைப் பார்த்த அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். பால்கனியில் ஒரு மடக்கு மேசை, அதில் என் திருப்புளிகளும் பஞ்சும் ஸ்பிரிட்டும். "ஆபீஸ்லயும் நோண்டுற, வீட்லயும் நோண்டுற," என்பார் என் கணவர். ஆனால் லாரிப் புழுதி மேசைமேல் படியக்கூடாது என்று பிளாஸ்டிக் திரை கட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

குமணன்சாவடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூக்கடைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆன்ட்டியைச் சந்தித்தேன். பூசை முடிந்து வந்திருந்தார், கையில் ஜெபப்புத்தகம். சற்று நேரம் என் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இது ஃபிலிம் போடுறதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யார் ரிப்பேர் பண்றாங்க?" நானே பண்ணிக்கொள்கிறேன் என்றேன். அவர் முகத்தில் மதிப்பு ஒன்றும் தெரியவில்லை. மேலும் கீழும் பார்த்தார். "நீயேவா?"

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சந்திப்பிலிருந்து நடக்கிற தூரத்தில், கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம் இருக்கிற தெருவில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்த அவர் கணவர், விடுமுறை நாட்களில் பங்குக் கோயிலின் ஞானஸ்நானம், கல்யாணம் என்று எல்லாவற்றையும் படம் எடுத்தவராம். காலமாகிவிட்டார். அவருடைய கேமரா பீரோவில் கிடக்கிறது. பேத்திக்குப் புதுநன்மை வருகிறது; குழந்தை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருடைய புதுநன்மைப் படமும் அந்தக் கேமராவில் எடுத்ததுதான். இவளுக்கும் அதிலேயே எடுக்க வேண்டும் என்று ஆன்ட்டிக்கு ஆசை.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அது இரட்டை லென்ஸ் கேமரா. மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு, கீழே இருப்பது படம் பிடிப்பதற்கு. இடுப்போடு வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். தோலுறை வெடித்திருந்ததே தவிர உடம்பு உறுதியாக இருந்தது. ஆல்பத்தைக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒரு குழந்தையின் இமை முடியைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. எனக்குக் கை பரபரத்தது.

கூடத்தில் அவருடைய தம்பியும் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆவடிப் பக்கம், முத்தாபுதுப்பேட்டையில் இரும்புக்கடை. "இன்னா மேடம், இத்த வித்தா இன்னா போவும்?" என்றார். ஆன்ட்டி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் சிரித்து மழுப்பினார். அப்போதே அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது.

ஆன்ட்டி லேசில் தரவில்லை. கேமராவை எங்கே வைப்பாய், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வேலைக்காரம்மா வருவாரா, எல்லாம் கேட்டார். அடியில் இருந்த எண்ணைத் தம் போனில் படம் எடுத்துக்கொண்டார். கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கழற்றுவதற்கு முன் ஒரு சுருள் ஃபிலிம் போட்டு எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். குறை எங்கே என்று அது சொல்லிவிடும். எங்கள் மாடியிலிருந்தே எடுத்தேன்: பைபாஸ், தண்ணீர்த் தொட்டி, எதிர் பால்கனியில் துணி உலர்த்தும் பெண். குளியலறையில் கழுவித் தொங்கவிட்டால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. குனிந்து பார்க்கும்போது மேல்லென்ஸில் ஊசி முனையாய்த் தெரிந்தது, ஃபிலிமில் கஞ்சி படிந்ததுபோல் வந்திருந்தது.

டார்ச் அடித்தேன். மேல்லென்ஸ் ஊதா நிறத்தில் மின்னியது, கீழ்லென்ஸ் மஞ்சளாக. ஒரே கேமராவின் இரண்டு கண்களும் இப்படி வேறு வேறாக மின்னக்கூடாது. உற்றுப் பார்த்தால் கீழ்லென்ஸின் வளையத்தைச் சுற்றிக் காய்ந்து பழுத்த பசை. யாரோ அசல் லென்ஸை எடுத்துவிட்டு, ஏதோ மட்டமான கேமராவின் லென்ஸை அந்த இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

முன்தகட்டைக் கழற்றலாம் என்று திருப்பினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். முன்தகடும் உடம்பும் சேரும் விளிம்பில், நான்கு மூலையிலும், சிவப்பு நெயில் பாலிஷால் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றும் பாதி தகட்டிலும் பாதி உடம்பிலும் இருந்தது. திறந்தால் புள்ளி உடைந்துவிடும். நர்ஸ் அல்லவா, பூட்டாமலே எப்படிப் பூட்டுவது என்று தெரிந்திருக்கிறது.

முதலில் கோபம் வந்தது. பிறகு பயம். நான் திறந்து, உள்ளே லென்ஸ் மாற்றப்பட்டிருக்கிறது என்று சொன்னால், மாற்றியது யார் என்று அவர் கேட்க மாட்டாரா? திறந்தவள் நான். புள்ளியை உடைத்தவளும் நான். அதற்கு முன்னால் அசல் லென்ஸைப் பார்த்த ஆள் உயிரோடு இல்லை.

என் கணவரிடம் காட்டினேன். "ரிப்பேர் ஆவாதுன்னு சொல்லிக் குடுத்துட்டு வந்துடு. எதுக்கு வம்பு?" என்றார்.

அதைத்தான் செய்திருக்க வேண்டுமோ என்னவோ. ஆனால் மனசு வேறு பக்கம் ஓடியது. என்ன விலை போகும் என்று கேட்ட தம்பி நினைவுக்கு வந்தார். அசலை எடுத்து விற்றது அவராக இருக்குமோ? அதைவிட மோசமாகவும் ஒன்று தோன்றியது: ஆன்ட்டிக்கே இது தெரிந்திருந்து, என் தலையில் கட்டுவதற்காகவே புள்ளி வைத்துக் கொடுத்திருப்பாரோ? அந்த நினைப்பில் ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை. கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன், அதுவரை நான் எதையும் பூட்டி வைத்ததில்லை.

கடைசியில் போன் செய்தேன். "ஆன்ட்டி, திறக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவ வந்து பாத்துருங்க."

ஞாயிறு பூசை முடிந்து தம்பியின் ஸ்கூட்டரில் வந்தார். காபி வேண்டாம் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு புள்ளிகளையும் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். வெட்கப்படவே இல்லை. பிறகு, "சொல்லு," என்றார்.

டார்ச் அடித்து இரண்டு நிறங்களையும் காட்டினேன். பசையைக் காட்டினேன். என் மங்கலான படங்களைக் காட்டினேன். "உங்க ஆல்பத்துல இருக்கற படத்த இந்த லென்ஸ் எடுக்கவே முடியாதுங்க ஆன்ட்டி."

அவர் வாய் திறப்பதற்குள் தம்பி சொன்னார்: "அது எப்பவோ மாத்தனது போல கீதுக்கா. பழசு."

ஆன்ட்டி மெல்லத் திரும்பினார். "உனக்கு எப்பிட்றா தெரியும்?"

"சும்மா சொன்னேன்க்கா. பசைய பாத்தாலே தெரீல?"

"நீதானே ஒருக்கா ஃபிரெண்டு கல்யாணத்துக்குன்னு ஒரு வாரம் வாங்கினு போன?"

கீழே லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எங்கள் இருவரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. மாமாதான் கீழ போட்டுட்டாரு. கோயில் படில. கீழ கீற கண்ணாடி நெட்டுக்குத்தா விரிசல் வுட்டுச்சு. உங்கிட்ட சொல்லாதடான்னு எங்கைல குடுத்தாரு. நான்தான் ஒரு கடைல குடுத்து வேற ஒண்ண ஒட்டிகினு வந்தேன். சத்தியமா, அவ்ளோதான்."

"எந்தக் கடை?"

"இப்ப அந்தக் கடையே இல்லக்கா."

"செத்துப்போனவரு மேல பழி போட்டா யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார் ஆன்ட்டி. குரலை உயர்த்தவில்லை.

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லி மாட்டியவன் முகமும், உண்மையைச் சொல்லி நம்பப்படாதவன் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நான் கேமராவை வெளிச்சத்தில் திருப்பினேன். கீழ்லென்ஸ் உட்காரும் முன்தகட்டின் விளிம்பில், குறடால் பிடித்து நிமிர்த்தியதுபோல் ஒரு நசுங்கல் இருந்தது. காட்டினேன். "விழுந்த மாதிரிதாங்க இருக்குது. ஆனா எப்ப விழுந்ததுன்னு சொல்ல முடியாது."

ஆன்ட்டி நசுங்கலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். தம்பி அங்கே இல்லாததுபோல.

"கடைசி வருஷங்கள்ல அவரு எடுத்த படமெல்லாம் மங்கலா வந்துதும்மா. கண்ணு போச்சுன்னு நெனச்சேன். நானே கண் டாக்டர்கிட்ட கூட்டினு போனேன். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாரு. வெளிய வந்து, வயசானா இப்படித்தான்னு சொல்லிச் சிரிச்சாரு. அப்புறம் கேமராவயே தொடல." என் மங்கலான படம் ஒன்றைக் கையில் எடுத்தார். "அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட சொன்னா என்னா? நான் அடிச்சிருப்பனா?"

தம்பி, "அக்கா..." என்றார். ஆன்ட்டி கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு புள்ளியாக நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "தொற," என்றார் என்னிடம்.

அவர் முன்னாலேயே திறந்தேன். ஷட்டரில் பிசினாக இறுகிப்போயிருந்த பழைய எண்ணெயைத் துடைத்தேன். பிறகும் நான் அதில் வேலை செய்த ஒவ்வொரு நாளும் அவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், என் கையையே பார்த்தபடி. அதே மாடலில் செத்துப்போன கேமரா ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்தேன். விற்றவர் 'லென்ஸ் சுத்தம்' என்றார். வந்தபோது லேசான பூஞ்சை இருந்தது, எனக்கு ஆச்சரியமில்லை. துடைத்ததும் போய்விட்டது. கீழே பொருத்தி, ஃபிலிம் இருக்கும் இடத்தில் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி ஒன்றை வைத்து, மேலே தெரிவதும் கீழே விழுவதும் ஒன்றாகும்வரை வளையத்தைத் துளித்துளியாகத் திருப்பினேன். தண்ணீர்த் தொட்டியின் ஏணி இரண்டிலும் கூர்மையாக வந்தபோது, ஆன்ட்டியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "அந்தப் பழைய கண்ணாடி எங்க?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

புதுநன்மை அன்று கோயில் வாசலில் அவரே படம் எடுத்தார். கை நடுங்கியதால் சில படங்கள் ஆடிவிட்டன. வெள்ளை கவுனும் பூக்கிரீடமும் மெழுகுவர்த்தியுமாகப் பேத்தி நிற்கும் படம் மட்டும் அவ்வளவு சுத்தம். மெழுகு உருகி விரலில் விழுந்துவிடுமோ என்று அவள் பார்க்கும் பார்வைகூடத் தெரிந்தது. நெகடிவ் காய்ந்துகொண்டிருந்தபோது ஆன்ட்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது எங்க கொழந்ததானே?" என்று கேட்டார். முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் இருந்ததால் வந்த சந்தேகம். பிரிண்டைக் கையில் கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

அந்தச் சுருளில் தம்பி ஒரு படத்திலும் இல்லை. கோயிலில் நான் அவரைப் பார்த்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் தூணோரம் நின்றிருந்தார். ஆன்ட்டி ஒருமுறைகூட அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை.

சில நாள் கழித்துத் தம்பி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கதவருகிலேயே நின்றார்.

"படம் நல்லா வந்துச்சாமே மேடம். நான் கீறனா அதுல?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்லீங்க," என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். "நான் சொன்னது நெஜந்தான் மேடம். மாமா எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு. அக்கா நம்புச்சோ இல்லியோ, எங்கூட பேசறதே இல்ல. நீங்களாச்சும் நம்பறீங்களா?"

"நம்பறேங்க," என்றேன்.

அவர் உடனே போகவில்லை. நான் சொன்னது நிஜமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சரி மேடம், வர்றேன்," என்று படியிறங்கினார். நான் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கிளப்ப அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.