சாமி பணமும் சபாபதி பெயரும்

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி சபாபதியைப் போல நல்ல பெயர் எடுத்தவர் யாரும் இல்லை. நல்ல பெயர் சும்மா கிடைப்பதில்லை, அதற்கும் ஒரு வாடகை உண்டு. அது அவருக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு முகூர்த்தப் புடவை நெய்கிற மனிதர். பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. அதனால் தெரு முருகன் கோயில் பணத்தை அவர் பெயரிலேயே வங்கியில் போட்டு வைத்தார்கள். கோயில் பெயரில் கணக்குத் தொடங்கினால் அரசாங்கம் வந்து கோயிலையே எடுத்துக்கொள்ளும் என்று தெருவுக்குப் பயம். வசூலைச் சபாபதி கொண்டுபோய்க் கட்டுவார். செலவுக்கு எடுத்துக் கொடுப்பார். காலணா கூட அவர் கையில் ஒட்டியதில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை முதல் விபூதி அவருக்குத்தான். அதில் அவருக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

இந்த வருஷம் மகள் அனுவுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. படிப்புக் கடனுக்கு அப்பாவின் வருமான வரிக் கணக்கு வேண்டும் என்றது வங்கி. "கூலிக்கு நெய்யறவனுக்கு என்னா கணக்கு?" என்று சிரித்துக்கொண்டே செவிலிமேட்டில் ஆடிட்டர் பிரவீனாவிடம் போனார்.

பிரவீனா கணினியில் அவர் பெயரைத் தட்டினாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன வருஷம் பதினாலு லட்சம் ரொக்கமா கட்டியிருக்கீங்களே சார், ஏது?"

சபாபதி கணினித் திரையை எட்டிப் பார்த்தார். கும்பாபிஷேக வசூல்! அது அந்தப் பெட்டிக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது?

"அது சாமி பணம்மா."

"சாமிக்குப் பான் கார்டு இருக்குதா?"

"இல்லியே."

"அப்போ கவர்மென்ட்டுக்கு அது உங்க பணம்தான். குடுத்தவங்க எல்லாம் நாங்கதான் குடுத்தோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். இல்லன்னா உங்க வருமானம்னு காட்டி வரி கட்டணும். அப்படிக் காட்டினா வருமானம் ஜாஸ்தின்னு பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வராது, அதையும் நெனச்சுக்கோங்க."

சிவன் சொத்து குல நாசம் என்பார்கள். அவர் பிள்ளை முருகன் சொத்து மட்டும் சும்மா விடுமா? சாமி பணம் என்னுது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? சபாபதி வீடு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. ஆனாலும் தெரு இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்.

அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னார். வசூலில் பெரிய தொகை கொடுத்த பட்டு முதலாளி ராமராஜன்தான் முதலில் வாய் திறந்தார்.

"கையெழுத்தா? நான் குடுத்தேன்னு எழுதினா, உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு என்னைக் கேப்பான்பா. வேலியில போற ஓணானை வேட்டியில வுட்டுக்கறதா? பேசாம உன் பணம்னே காட்டிடு. வரிய உண்டியல்லேருந்து கட்டிக்கலாம்."

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். சபாபதியால் நம்ப முடியவில்லை.

"அப்படின்னா இனிமே கணக்க உங்க பேருக்கு மாத்திக்கோங்கண்ணா."

"நான் எப்படிபா? எனக்குப் புள்ளகுட்டி இருக்குது."

சபாபதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தன் நாணயத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தாரே! வேறு யாரும் தலையை நீட்டாத இடத்தில் இந்த இளிச்சவாயன் தலையை வாங்கி வைத்திருக்கிறார்கள். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம்.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"பிரவீனாம்மா, சபாபதி பேசறேன். நெய்யற கூலிதான் என் வருமானம், அத மட்டும் எழுதுமா. மத்தது கோயில் பணம்னு எழுதிடு. வரி ஆபீஸ்ல யார் யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு கேட்டா, எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லு. பேர் பேரா நானே வந்து சொல்றேன்."

ராமராஜன் துள்ளி எழுந்தார். "யோவ் சபாபதி, போனை வையிபா! நமக்குள்ள பேசிக்கலாம்!"

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதுண்ணா."

பிறகு ராமராஜன்தான் முதலில் பேனா கேட்டார்.