கங்காதரன் இரண்டாம் முறை கழற்றிய டிரம்

கோட்டைக்குப்பத்துக் கங்காதரனுக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் மருந்து ஒன்றுதான்: காய்ச்சிய மீன் எண்ணெய். ஊரார் படகுப் பலகைக்குப் பூசினார்கள். படகு இன்ஜின் பார்க்கிற இவன் கதவுக் கீலுக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் பூசினான். மாமியாரின் முழங்காலுக்கும் பூசினான். அந்த அம்மாள் எழுந்து நடந்து இவன் வீட்டுக்கே குடிவந்துவிட்டாள்.

ஆகவே, காட்டூர் சம்பந்தத்தின் கொட்டகையில் பல மழைக்காலம் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துக் காரின் பிரேக் டிரம்கள் துருவேறி ஒட்டிக்கொண்டபோதும் அதையேதான் உள்ளே ஊற்றினான். நாலும் வாழைப்பழத் தோலாய் வந்தன. இனி ஒட்டவே கூடாதென்று, திரும்ப மாட்டும்போது டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவுக்கெல்லாம் தாராளமாக ஒரு பூச்சு. படகுக்கு ஏது பிரேக்? பிடிக்கவேண்டிய இடம் வழுக்கக் கூடாதென்று அவனுக்கு யார் சொல்வது?

அந்தக் காரை ஓட்டிய டிரைவர் ராஜேந்திரன் சொன்னான். படகுத்துறைச் சரிவில் காரோடு உப்புநீர் ஏரிக்குள் இறங்கிச் சொன்னான். பிணம் அன்றைக்கே கிடைத்தது. காரை இழுக்க ஒரு வாரமானது. அதற்குள் குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் தீர்ப்புச் சொல்லியாயிற்று. குடிக்காதவன் குடிகாரனாக, செத்தால் போதும்.

டச்சுக்காரர் கல்லறைச் சுவரோரம் கார் நின்றது. உப்புத் தண்ணீர் டிரம்களை மறுபடி இறுக்கியிருந்தது. பிரேக்கைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் ராஜேந்திரனின் மனைவி ராஜாத்தி, ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். அவளை வீட்டுக்கு அனுப்பினால் போதும் ஏட்டு தருமலிங்கத்துக்கு. கங்காதரனைக் கூப்பிட்டனுப்பினார். கழற்றத் தெரிந்தவன் வேறு யார்?

கங்காதரனுக்கு இப்போது எல்லாம் புரிந்திருந்தது. டிரம் கழன்றால் தன் கழுத்து. கழலாவிட்டால் செத்தவன் பெயர். பூப்போலத் தட்டிவிட்டு, உப்பு தின்றுவிட்டது, வராது என்றான். ஏட்டு சந்தோஷமாகக் கிளம்பப் பார்த்தார்.

“நீ தட்டுண்ணா. நான் எங்கியும் போவல” என்று சக்கரத்துக்கு எதிரே குந்தினாள் ராஜாத்தி.

உச்சி வெயில்வரை பூப்போலவே தட்டினான். அவள் நகரவில்லை. கடைசியில் விளிம்பைச் சுற்றித் தீ காட்டி, கட்டை வைத்து, நிஜமாகவே அடித்தான். முனகிக்கொண்டு வந்தது டிரம். உள்ளே ஷூ கறுத்துப் பிசுபிசுத்தது. குப்பென்று நாற்றம்.

ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஏரில கெடந்த வண்டி மீன் நாத்தம் அடிக்காம மல்லிப்பூ வாசனையா அடிக்கும்? எல்லாம் சரியாத்தான்மா கீது, வூட்டுக்குப் போ” என்று டீக்கடைப் பக்கம் நடந்தார்.

தப்பித்தோம் என்று கங்காதரன் ஒரு பழந்துணியை எடுத்து ஷூவை அவசரமாகத் துடைத்தான். ராஜாத்தி விரலால் தொட்டு முகர்ந்தாள். ஏரியின் நாற்றம் அவள் உடம்பிலேயே ஊறியது, இது அதுவல்ல.

“காச்சின எண்ண” என்றாள், குரலை உயர்த்தாமல். “இன்னாண்ணா இது?”

அவன் கை நின்றது.

“அந்தத் துணியக் குடு.”

கொடுத்தான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, டீக்கடையைத் திரும்பியும் பாராமல் அவள் பெரிய போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற பொன்னேரியைப் பார்த்துச் சாலையில் நடந்தாள்.

மீதி மூன்று சக்கரங்கள் இருந்தன. அவற்றைக் கழற்றும்படி யாரும் கேட்கவில்லை. கங்காதரன் வேறு துணி தேடாமல் சுத்தியலை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்ததன் முன்னால் குந்தினான்.